சிறு விமான எஞ்சின் ஓவர்ஹால்: பொருந்தும் பாகங்களைச் செலவு கைமீறாமல் தேடிச் சேர்க்க முழுமையான வழிகாட்டி

ஓவர்ஹால் என்றால் எஞ்சினை முழுதாகப் பிரித்து, சோதித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பப் பூட்டுவது. லைகமிங், கான்டினென்டல் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியது இது. செஸ்னா 150, செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற விமானங்களில் இருப்பவை இவைதான். ஓவர்ஹாலில் முதல்முறை இறங்குபவர்கள் பணத்தை விடும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான். எஞ்சினை அளந்து பார்ப்பதற்கு முன்பே மலிவாகக் கிடைத்த பாகங்களை வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். பிறகு அளந்தால் பாதி பொருந்தாது. அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். வாங்குவது கடைசியில்தான் வருகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது.

1. விமானம் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்

சான்றிதழ் பெற்ற விமானமா, சொந்தமாகக் கட்டிய சோதனைப் பிரிவு விமானமா? எந்தப் பாகத்தைப் போடலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான்.

சான்றிதழ் பெற்ற விமானத்தில் பொதுவாகத் தயாரிப்பாளரின் பாகம், பி.எம்.ஏ (வேறு நிறுவனம் பாகம் தயாரிக்க அரசு ஆணையம் தரும் ஒப்புதல்) அனுமதி பெற்ற மாற்றுப் பாகம், அல்லது ஒப்புதல் பெற்ற மாற்றத் திட்டத்தின்கீழ் வரும் பாகம்தான் செல்லும். அளவு அப்படியே பொருந்தினாலும் காகிதம் இல்லாத பாகம் அங்கே இரும்புத் துண்டுதான். சோதனைப் பிரிவில் கட்டுப்பாடு தளர்வு. ஆனால் பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் உலோகத்துக்கு நீங்கள் எந்தப் பிரிவில் பறக்கிறீர்கள் என்று தெரியாது. விரிசல் சோதனையும் அளவெடுப்பும் இரண்டுக்கும் பொதுவே.

வேலையை மேற்பார்வை செய்து கையெழுத்திடப் போகும் உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். எந்த ஆவணத்தை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்று எழுதி வாங்குங்கள். பாகங்களை வாங்கிவிட்டு அவரிடம் போனால், அவர் மறுக்கும் ஒவ்வொன்றும் உங்கள் நஷ்டம்.

2. பெயர்த் தகட்டை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

"என்னிடம் இருப்பது ஓ-320" என்று சொன்னால் போதாது. அந்தப் பெயருக்குள் பல எஞ்சின்கள் இருக்கின்றன. 150 குதிரைத்திறன் கொண்ட ஓ-320-இ2டி எஞ்சினின் அழுத்த விகிதம் 7.0:1. 160 குதிரைத்திறன் கொண்ட டி வரிசைக்கு 8.5:1. பிஸ்டன் வேறு, தேவைப்படும் எரிபொருளும் வேறு. ஓ-320-ஹெச்2ஏடி இன்னும் விலகி நிற்கிறது. 1977 முதல் 1980 வரை வந்த செஸ்னா 172என் விமானங்களில் இருந்தது அது. அதன் கிராங்க்கேஸ் (கிராங்கைத் தாங்கும் கூடு), கேம் (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு), டாப்பெட் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்துவது) எல்லாம் மற்ற ஓ-320 எஞ்சின்களிலிருந்து மாறுபட்டவை.

பெயரின் கடைசி எழுத்தையும் விடாதீர்கள். லைகமிங்கில் ஹெச்2ஏடி போல, முதல் மூன்று குறிகளுக்குப் பின் கூடுதலாகக் கடைசியில் 'டி' வந்தால் இரண்டு மேக்னெட்டோக்களும் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருபவை) ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகை. இ2டி-யில் மூன்றாவதாக வரும் 'டி'-க்கு அந்தப் பொருள் இல்லை. கான்டினென்டல் சி-85-12எஃப் என்பதில் 'எஃப்' என்றால் புரொப்பெல்லர் பொருத்த ஃப்ளாஞ்சு (தட்டையான விளிம்பு) உள்ள கிராங்க், '12' என்றால் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் பொருத்த இடம் உள்ள பின்பகுதி. '-8' வகையில் அந்த இடம் கிடையாது.

வரிசை எண்ணும் முக்கியம். லைகமிங் வரிசை எண்ணின் முடிவில் 'ஏ' இருந்தால் பொதுவாக அகல டெக் (சிலிண்டரின் அடி கிராங்க்கேஸில் அமரும் பகுதி) கொண்ட எஞ்சின், இல்லையென்றால் குறுகிய டெக். கண்ணாலும் சரிபாருங்கள். சிலிண்டர் அடியில் நட்டுகளுக்குக் கீழே தனித் தகடுகள் வைத்து இறுக்கியிருந்தால் அது குறுகிய டெக். நட்டுகள் நேராக ஃப்ளாஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தால் அகல டெக். ஒன்றின் சிலிண்டர் மற்றொன்றில் ஏறாது. நான்கு சிலிண்டரையும் மொத்தமாக மலிவில் வாங்கிவிட்டு, பெட்டியைத் திறந்த பிறகுதான் இந்த வேறுபாட்டைக் கேள்விப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் லாக்புக், அதாவது எஞ்சினில் நடந்த வேலைகளின் பதிவேடு. எஞ்சின் இதுவரை எத்தனை முறை திறக்கப்பட்டது, கிராங்க் ஏற்கெனவே கடையப்பட்டதா, சிலிண்டர்கள் மாற்றப்பட்டனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். தகடு எஞ்சின் பிறந்தபோது எப்படி இருந்தது என்றுதான் சொல்லும். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை லாக்புக்கில்தான் தேடவேண்டும்.

3. நான்கு ஆவணங்களைச் சேருங்கள்

ஓவர்ஹால் மேனுவல், உங்கள் மாடலுக்கான பாகங்கள் பட்டியல், சர்வீஸ் புல்லட்டின்கள் (தயாரிப்பாளர் வெளியிடும் பராமரிப்பு அறிவிப்புகள்), அரசு ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு உத்தரவுகள். நான்கும் நடப்புத் திருத்தமாக இருக்கவேண்டும்.

லைகமிங் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் புல்லட்டின் 240-ஐ முதலில் படியுங்கள். ஓவர்ஹாலின்போது எந்த நிலையில் இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டிய பாகங்கள் அதில் இருக்கின்றன. தேய்மான வரம்புகளுக்கு எஸ்எஸ்பி-1776 என்ற அட்டவணை. கான்டினென்டலில் கட்டாய மாற்றுப் பட்டியல் எஸ்பி97-6 என்ற எண்ணில் வந்தது. பொது வேலைமுறைகள் இப்போது எம்-0 என்ற மேனுவலில் இருக்கின்றன.

பாகங்கள் பட்டியலில் எண்கள் மாறிக்கொண்டே வரும். பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புதிய எண் கொடுப்பார்கள். மாற்று எண் அட்டவணை கையில் இருந்தால், விற்பனையாளரின் அலமாரியில் பழைய எண்ணோடு தூங்கும் நல்ல பாகத்தையும் அடையாளம் காணலாம். ஆனால் மாற்றம் ஒருவழிப் பாதையாக இருப்பதும் உண்டு. புதிய எண் பழைய இடத்தில் பொருந்தும், பழையது புதிய இடத்தில் பொருந்தாது. குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

4. பிரியுங்கள், கழுவுங்கள், சோதனைக்கு அனுப்புங்கள்

இந்தப் படி முடியும்வரை ஒரு பேரிங்கூட வாங்காதீர்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் அது இருந்த இடத்தை எழுதிய சீட்டைக் கட்டுங்கள். தேய்மானத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். மூன்றாம் சிலிண்டரின் வால்வு கைடு மட்டும் தேய்ந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குக் குளிர்காற்று சரியாகப் போகிறதா என்று பேஃபிளை (காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் தகடு) பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவிவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

முதலில் அனுப்பவேண்டியது கிராங்க்ஷாஃப்ட். அடுத்து கிராங்க்கேஸ், கனெக்டிங் ராடுகள், கேம், கியர்கள். எஃகுப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை, அலுமினியப் பாகங்களுக்கு ஊடுருவும் சாயச் சோதனை. விரிசல் சோதனை முடிந்த பிறகுதான் அளவெடுப்பு. விரிசல் விட்ட கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்து பயனில்லை.

கிராங்கை முதலில் அனுப்பச் சொல்வது, அதன் முடிவு மற்ற எல்லா வாங்குதலையும் புரட்டிப்போடக்கூடியது என்பதால். கிராங்கும் கேஸும் இரண்டுமே தோற்றுவிட்டால் இந்த எஞ்சினைத் தொடரலாமா என்ற கேள்வி அங்கேயே எழும். அந்தக் கேள்வி நாலு புதுச் சிலிண்டர் வாங்கிய பிறகு எழக்கூடாது.

5. மூன்று பட்டியல் போட்டுக் கூட்டிப் பாருங்கள்

முதல் பட்டியல், கட்டாயம் புதிதாக வேண்டியவை: பேரிங்குகள், பிஸ்டன் ரிங்குகள், கனெக்டிங் ராட் போல்ட்டுகளும் நட்டுகளும், சீல்கள், கேஸ்கெட்டுகள், பூட்டுத் தகடுகள், ஹோஸ்கள், மற்றும் கட்டாயப் பட்டியலில் உள்ள எதுவும். இதில் பேரம் கிடையாது. பழைய ராட் போல்ட்டைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பது போன்ற ஆபத்தான சிக்கனம் வேறில்லை. அது இழுவிசையில் ஏற்கெனவே ஓர் ஆயுளைக் கழித்த போல்ட்.

இரண்டாவது, சோதனையில் தேறியவை, அல்லது சீர்செய்து தேற வைக்கக்கூடியவை. மூன்றாவது, வெளியிலிருந்து தேடவேண்டிய பயன்பட்ட பாகங்கள்.

மூன்றையும், சோதனைக் கூலி, கடைசல் கூலி, போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். பிறகு, உங்கள் பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு ஓவர்ஹால் செய்த எஞ்சினை மாற்றி வாங்கினால் என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள். கிராங்கும் கேஸும் நல்ல நிலையில் இருந்தால் தனித்தனியாகச் சேர்ப்பது பெரும்பாலும் லாபம். இரண்டும் போயிருந்தால் அநேகமாக இல்லை. இந்தக் கணக்கைப் போடத் தயங்குபவர்கள் நிறையப் பேர். பாதி வழியில் போட்டால் அது மனதைத்தான் உடைக்கும், இப்போது போட்டால் பணம் மிஞ்சும்.

6. கிராங்க்ஷாஃப்ட்டும் பேரிங்கும்

லைகமிங் கிராங்கின் ஜர்னல்கள் (பேரிங்குக்குள் சுழலும் வட்டப் பகுதிகள்) தேய்ந்தால் 0.003, 0.006, 0.010 அங்குலம் என்ற படிகளில் குறைத்துக் கடைவார்கள். பேரிங்குகளும் எம்03, எம்06, எம்10 என்று அதே படிகளில் வரும். மெயின் ஜர்னல்கள் ஒரு அளவிலும் ராட் ஜர்னல்கள் வேறு அளவிலும் இருக்கலாம். கடைசல் அறிக்கை கைக்கு வருவதற்கு முன் பேரிங் வாங்கக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த ஜர்னல்களின் மேற்பரப்பு நைட்ரைடு முறையில், அதாவது எஃகின் மேற்தோலில் நைட்ரஜனை ஏற்றி, கடினமாக்கப்பட்டது. அந்தக் கடினம் மெல்லிய தோல் அளவே. ஆழமாகக் கடைந்த கிராங்கை வாங்கினால், கடைந்த பிறகு மறுபடி நைட்ரைடு செய்ததற்கான பதிவைக் கேளுங்கள்.

கிராங்கின் முன்பக்கத் துளையின் உட்புறத்தையும் பாருங்கள். நிலையான புரொப்பெல்லர் வைத்த சில 320, 360 வரிசை லைகமிங் எஞ்சின்களில், துளையுள்ள கிராங்கின் உட்சுவரில் துருக் குழிகள் விழுந்து அதிலிருந்து விரிசல் பிறந்திருக்கிறது. அமெரிக்க ஆணையத்தின் 98-02-08 உத்தரவு அதற்காகவே வந்தது. வெளியே கண்ணாடி போலப் பளபளக்கும் கிராங்க், உள்ளே துருப்பிடித்திருப்பது நடக்கும். சில 360, 540 வரிசைக் கிராங்குகளை வரிசை எண் வாரியாகவே நீக்கச் சொல்லும் உத்தரவும் உண்டு. பணம் கொடுக்கும் முன் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

சில எஞ்சின்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட கலப்பு வழிகள் இருக்கின்றன. கான்டினென்டல் சி-85, ஓ-200 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4.0625 அங்குலம். ஓட்டம் மட்டும் 3.625, 3.875 என வேறு. ஓ-200 கிராங்கை சி-85-க்குள் போட ஒப்புதல் பெற்ற மாற்றத் திட்டம் உண்டு. அந்தத் திட்டத்தின் ஆவணத்தோடுதான் அதைச் செய்யமுடியும். விட்டம் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி நாமாகக் கலப்பதற்கு அது அனுமதி ஆகாது.

7. கிராங்க்கேஸும் கனெக்டிங் ராடுகளும்

கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் ஒன்றாகப் பூட்டி ஒரே கடைசலில் துளையிடப்பட்டவை. ஜோடி எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒற்றைப் பாதியை மலிவாக விற்கிறார்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இணையும் பரப்புகளில் உராய்ந்த தேய்ப்பு, பேரிங் அமரும் இடங்கள், சிலிண்டர் ஸ்டட்டுகளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் விரிசல் தேடுவது சோதனைக்கூடத்தின் வேலை. நீங்கள் பார்க்கவேண்டியது வகை. அண்மைக்கால லைகமிங்குகளில் உருளை டாப்பெட் வந்துவிட்டது. அந்தக் கேஸும் தட்டை டாப்பெட் கேஸும் ஒன்றல்ல.

ராடுகளைத் தனித்தனியாக வெவ்வேறு இடங்களிலிருந்து சேர்த்தால் எடை பாருங்கள். எதிரெதிர் ராடுகளின் எடை மேனுவல் வரம்புக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் எஞ்சின் சுற்றும்போதெல்லாம் அதிரும். பிஸ்டனுக்கும் இதே விதி.

8. கேம், டாப்பெட், எண்ணெய் பம்பு

கேமும் டாப்பெட்டும் ஜோடியாகவே பழகுபவை. புதிய கேமில் பழைய டாப்பெட்டை வைத்தால் சில மணி நேரத்திலேயே கேம் முனை தேயத் தொடங்கலாம். இரண்டும் புதிதாக, அல்லது அங்கீகாரம் பெற்ற கடையில் இரண்டும் சாணை பிடித்ததாக இருக்கட்டும்.

பயன்பட்ட கேமை வாங்குகிறீர்கள் என்றால் துருக் குழிக்கே முதல் பார்வை. லைகமிங்கில் கேம் கிராங்குக்கு மேலே இருப்பதால், பறக்காமல் நின்ற எஞ்சினில் எண்ணெய் வடிந்து கேம் காய்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினின் கேமை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

லைகமிங் எண்ணெய் பம்பில் பழைய வகை அலுமினிய, சின்டர் இரும்பு (இரும்புத் தூளை அழுத்திச் சுட்டது) இம்பெல்லர்கள் (எண்ணெயைத் தள்ளும் பற்சக்கரங்கள்) இருந்தால் அமெரிக்க ஆணையத்தின் 96-09-10 உத்தரவுப்படி அவை போகவேண்டும். பழைய எஞ்சினிலிருந்து "முழு அக்சசரி கேஸ்" (எண்ணெய் பம்பு உள்ள பின்பக்கக் கூடு) வாங்குபவர்கள் இதைக் கவனிக்காமல் அப்படியே பூட்டிவிடுகிறார்கள்.

9. சிலிண்டர்கள்

பணம் அதிகம் போவதும், தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

லைகமிங் சிலிண்டரின் வண்ணக் குறியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆரஞ்சு என்றால் உட்சுவரில் குரோம் பூச்சு. நீலம் என்றால் நைட்ரைடு. பச்சை என்றால் 0.010 அங்குலம் பெரிதாக்கியது, மஞ்சள் என்றால் 0.020. ஸ்பார்க் பிளக் பக்கத்து ஃபின்களில் உள்ள மஞ்சள் வேறு விஷயம், அது நீளக் கழுத்து பிளக்கைக் குறிக்கிறது.

இதன்படிதான் ரிங் வாங்கவேண்டும். குரோம் சுவரில் குரோம் ரிங் கூடாது. இரண்டு கடினப் பரப்புகள் ஒன்றையொன்று பழக்கிக்கொள்ளாமல் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். குரோம் சுவருக்குச் சாதாரண வார்ப்பிரும்பு ரிங், எஃகு அல்லது நைட்ரைடு சுவருக்குக் குரோம் ரிங். நான்கு சிலிண்டரும் ஒரே வகையாக இல்லாவிட்டால் ரிங் பெட்டிகளில் சிலிண்டர் எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

வால்வுகளில் தண்டின் தடிமனைப் பாருங்கள். பழைய லைகமிங்குகளில் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு 7/16 அங்குலம், பிந்தையவற்றில் 1/2 அங்குலம். கைடு, கீப்பர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் பூட்டு), தொப்பி எல்லாம் அதனோடு சேர்ந்து மாறும்.

புதிய பி.எம்.ஏ சிலிண்டரா, ஓவர்ஹால் செய்த பழையதா? எஃகுக் குழாயைப் புதுப்பிக்கலாம், ஆனால் அலுமினிய ஹெட் எத்தனை முறை சூடேறி ஆறியது என்பதை யாராலும் அழிக்கமுடியாது. வரலாறு தெரியாத ஓவர்ஹால் சிலிண்டரைவிட, மணி பூஜ்யத்தில் தொடங்கும் புதியதை நான் எப்போதும் தேர்வு செய்வேன். உங்கள் எஞ்சினிலேயே முதல் ஆயுளை முடித்த சிலிண்டர்கள் சோதனையில் தேறினால் அவற்றைச் சீர்செய்வது நியாயமான சிக்கனம்.

10. வெளியே பூட்டும் பொருட்கள்

மேக்னெட்டோவில் சுழலும் திசை, இம்பல்ஸ் கப்ளிங்கின் (ஸ்டார்ட் செய்யும்போது தீப்பொறியைத் தாமதித்து வலுவாக்கும் இணைப்பு) தாமதக் கோணம், ஓட்டும் கியர் மூன்றும் ஒத்துப்போகவேண்டும். இம்பல்ஸ் கப்ளிங் உள்ளதற்கு ஸ்பேசரும் நீண்ட ஸ்டட்டும் தேவைப்படும். தீப்பொறிக்கு நேரமிடும் கோணத்தை எப்போதும் தகட்டிலிருந்து எடுங்கள், பழக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

கார்புரேட்டரின் உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஜெட் வேறாக இருக்கும், ஆக முழுப் பாக எண்ணைப் பாருங்கள். லைகமிங் ஸ்டார்ட்டர் வளையத்தில் பற்கள் 122 அல்லது 149. ஸ்டார்ட்டரை அதற்கேற்ப வாங்குங்கள். எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

11. எங்கே தேடுவது

கட்டாயப் புதுப் பாகங்களுக்குப் பி.எம்.ஏ தயாரிப்பாளர்களைத் தயாரிப்பாளர் விலையோடு ஒப்பிடுங்கள். சுப்பீரியர் நிறுவனத்தின் எண்களில் எஸ்எல் என்று தொடங்குவது லைகமிங்குக்கு, எஸ்ஏ என்று தொடங்குவது கான்டினென்டலுக்கு. எண்ணைக் கண்டுபிடித்த பிறகும், அந்தப் பாகத்தின் பி.எம்.ஏ உங்கள் மாடலை உள்ளடக்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

பயன்பட்ட பாகங்களுக்கு விமான உடைப்பு நிலையங்கள், ஓவர்ஹால் கடைகளின் மிச்ச இருப்பு, விமான வகைச் சங்கங்களின் உறுப்பினர்கள். ஒரே மாடலின் ஆயுள் முடிந்த முழு எஞ்சினை வாங்கி, இரண்டிலிருந்து ஒன்று செய்வதும் பலன் தரும். ஒன்றின் கிராங்க் தோற்றால் மற்றது இருக்கும்.

புரொப்பெல்லர் தரையில் மோதிய எஞ்சின்கள் மலிவாக வரும். அவற்றிலிருந்து கார்புரேட்டர், இன்டேக் குழாய், சில சமயம் சிலிண்டர்கள் எடுக்கலாம். கிராங்கும் ராடுகளும் முழுச் சோதனை முடியும்வரை சந்தேகத்துக்குரியவையே. மேக்னெட்டோவையும் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள், திடீர் நிறுத்தத்தின் அதிர்ச்சி கியர்கள் வழியே அதுவரை போகும்.

மாற்றி வாங்கும் விலையில், நீங்கள் திருப்பித் தரும் பழைய பாகத்துக்கான வைப்புத்தொகை சேர்ந்திருக்கும். உங்கள் பழையது சீர்செய்ய முடியாதது என்று தெரிந்தால் அந்தத் தொகை திரும்பாது. மலிவாகத் தெரியும் விலையின் உண்மை அங்கே இருக்கிறது.

12. காகிதத்தைப் பாகத்துக்கு முன் கேளுங்கள்

அமெரிக்க 8130-3 படிவம், ஐரோப்பிய படிவம் 1 போன்ற வெளியீட்டுச் சான்று. எந்த மேனுவலின் எந்தத் திருத்தப்படி வேலை நடந்தது, எந்த அளவுகள் வந்தன என்ற பணிப் பதிவு. எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்ற தடம். இவற்றின் படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். பாகம் பயன்படுத்தத் தகுந்தது என்று கடைகள் கட்டிவிடும் வெறும் மஞ்சள் சீட்டு சட்ட ஆவணம் ஆகாது. அதன் பின்னால் யாருடைய கையெழுத்து, எந்த உரிம எண் என்பதே பொருள்.

ஓவர்ஹால் என்று எழுதியிருந்தால் புதிய பாக அளவுக்குச் செய்ததா, பயன்பாட்டு வரம்புக்குள் இருந்தால் போதும் என்று செய்ததா என்று கேளுங்கள். இரண்டும் சட்டப்படி சரி. ஆனால் இரண்டாவதில் தேய இன்னும் இடம் குறைவு, விலையும் குறைந்திருக்கவேண்டும்.

போலி ஆவணம் கற்பனை இல்லை. 2023-இல் பெரிய பயணிகள் ஜெட் எஞ்சின்களுக்கே போலிச் சான்றோடு பாகங்கள் போய்ச் சேர்ந்தது வெளிவந்தது. எண் மீண்டும் பொறிக்கப்பட்ட தடயம், சான்றில் உள்ள எண்ணும் பாகத்தின் எண்ணும் மாறுவது, மூலத்தைக் கேட்டால் மழுப்புவது இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள். சான்று கொடுத்த கடைக்கு நீங்களே தொலைபேசியில் கேட்பது மிக எளிய சோதனை.

13. நிபந்தனையோடு வாங்குங்கள், வந்தவுடன் அளவிடுங்கள்

பயன்பட்ட கிராங்க், கேஸ், ராடு எதுவானாலும் "எங்கள் சோதனைக்கூடத்தில் தேறாவிட்டால் பணம் திரும்ப" என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் மிக மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பெட்டியைத் திறக்கும்போதே படம் எடுங்கள். எண்ணைச் சான்றோடு ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் சோதனையை முடித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது விரிசல் தெரிந்தால் பேச யாரும் இருக்கமாட்டார்கள். தேறியவற்றை எண்ணெய் தடவி, காற்றுப் புகாமல் சுற்றி, சான்றின் நகலைப் பையோடு கட்டி வையுங்கள். மூலச் சான்று தனிக் கோப்பில் இருக்கட்டும். எஞ்சினை மூடும் நாளில் மெக்கானிக் லாக்புக்கில் எழுதுவது அந்தக் கோப்பைப் பார்த்துத்தான்.